தாய்மாமன் வரிசையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரம்மா

1

போன புதன்கிழமை ஹெலன் என்ற அம்மையாரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஸ்காட்லாந்தில் நிலத்தடி நீர் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் எழுதிய பாடநூலோடு எட்டு மாதமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

அவர் கேட்டிருந்தது இதுதான். "உங்கள் தமிழ்ப் பதிப்பின் முதல் பக்கத்தைப் பார்த்தேன், மிக்க மகிழ்ச்சி. என் பெயருக்கு முன்னால் உள்ள சொல்லை மொழிபெயர்க்கும் இயந்திரத்தில் போட்டால் அம்மாவின் சகோதரர் என்று வருகிறது. நான் ஒரு பெண். உங்கள் ஊரில் எனக்கு அக்கா தங்கை யாரும் இல்லை. இது பிழையா, அல்லது நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருக்கிறதா?"

படித்துக் காட்டியது என் மகள் மித்ரா. பதினைந்து வயது. முடித்துவிட்டு, பள்ளியில் தலைமை ஆசிரியர் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

பிழையில்லை. ஆனால் ஒரு வரியில் பதில் எழுதுகிற சங்கதியும் இல்லை. அந்தம்மாவுக்குச் சுருக்கமாக எழுதியாகிவிட்டது. ஊரில் இருக்கிற உங்களுக்கு என்ன சுருக்கம், முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

2

நான் திருச்செங்கோட்டுக்காரன். அதைச் சொன்னாலே பாதித் தொழில் சொன்னதாகிவிடும். பதினைந்து வருஷம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஓடினேன். ஹெல்பராக ஏறி, டிரில்லராக இறங்கினேன். இறங்கிய இடம்தான் ஆஸ்திரேலியாவில் டூவூம்பா என்கிற ஊராகிவிட்டது. என் மனைவி கலா நர்ஸ், ராசிபுரத்துக்காரி. அவள் விசாவில் கட்டி ஏற்றிவந்த சாமான்களில் நானும் ஒன்று.

இங்கேயும் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் என்றுதான் பெயர். அதைக் கேட்ட முதல் நாள் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு எந்த வார்த்தையும் ஒத்துவரவில்லை.

போர் போட லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ஒரு படிவம். பயிற்சி பெற்ற நிறுவனத்தின் பெயர் என்ன, சான்றிதழ் எண் என்ன என்று கேட்டிருந்தது. நம் தொழிலில் சான்றிதழை யார் கண்டது? முதலாளி ஒரே கேள்வி கேட்பார், எத்தனை வருசம் ஓடினாய் என்று. அப்புறம் துளைக்கிற சுத்தியல் பாறையில் இறங்கும்போது நம் முகத்தைப் பார்ப்பார். அவ்வளவுதான் பரீட்சை. "பதினைந்து வருட அனுபவம்" என்று எழுதினேன். ஆதாரம் இணைக்கவும் என்று திரும்பி வந்தது. ஆதாரமெல்லாம் ஏழு மாநிலத்தில் பூமிக்கடியில் கிடக்கிறது, தோண்டி எடுத்தா இணைக்க முடியும்?

பெயரிலும் வம்புதான். நான் மாரிமுத்து, அப்பா குழந்தைவேல். குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. அப்பா பெயரைப் போட்டேன். அன்று முதல் வங்கியும் ஆஸ்பத்திரியும் மிஸ்டர் குழந்தைவேல் என்றுதான் கூப்பிடுகின்றன. அப்பா கூலிக்குக் கிணறு வெட்டப் போனவர். ஊரில் கிணற்று மேட்டில் சிமெண்டில் எழுதியிருக்குமே, தோட்டத்துக்காரர் பெயரும் வருஷமும். வெட்டியவர் பெயர் எந்தக் கிணற்றிலும் இருக்காது. ஆயுசில் நாமக்கல்லைத் தாண்டாத மனுஷனை இங்கே தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள்.

என் முதலாளி டேரில் நல்ல மனிதர். ஒரே ஒரு ரிக், அதற்கு லைசென்ஸ் உள்ள ஒரே ஆள் அவர். இந்த வருஷக் கடைசியில் ஓய்வு என்று சொல்லிவிட்டார். நான் லைசென்ஸ் வாங்கினால் வண்டியை நான் நடத்தலாம். வாங்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவார். வந்த புதிதில் சூப்பர் மார்க்கெட்டில் டப்பா அடுக்கினேன், மறுபடியும் அங்கேதான் போக வேண்டும். இரண்டு முறை தேர்வு எழுதி இரண்டு முறையும் தோற்றிருந்தேன்.

தோற்கடித்தது ஒரே கேள்வி. மண் சரியாமல் இருக்கத் துளைக்குள் இறக்கும் கேசிங் குழாய்க்கு வெளியே, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் ஏன் சிமெண்ட் ஊற்ற வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும்? நான் ஓடிய வண்டிகளில் அப்படி ஊற்றியதே இல்லை. மண் முடிந்து பாறை வந்ததும் குழாயை நன்றாக உட்கார வைப்போம், மேற்கொண்டு துளையை ஓட்டுவோம். "பாறையில் சரியாக உட்கார்ந்தால் சிமெண்ட் தேவையில்லை" என்று இரண்டு முறையும் எழுதினேன். திருச்செங்கோட்டுக்காரன் அல்லவா, தப்பைக்கூடத் தைரியமாகத்தான் எழுதுவோம்.

3

இந்த நிலைமையில்தான் மித்ரா ஹெலன் அம்மையாரின் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தாள். வலைத்தளத்தில் திறந்து கிடந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், சேர்க்கலாம், மாற்றலாம். பங்களித்தவர்களின் பெயரைப் போட வேண்டும். மாற்றியதையும் இதே போல எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். வேறு நிபந்தனை இல்லை.

நான் நம்பவில்லை. சும்மா கிடைக்கிறது என்றால் கீழே நட்சத்திரம் போட்டுப் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கும். மித்ராவிடம் மூன்று முறை தேடச் சொன்னேன். இல்லை.

அந்த ஆங்கிலம் எனக்கு மூச்சு வாங்கியது. தனியாக முடியாது என்று தெரிந்ததும் தங்கவேலுக்கு போன் செய்தேன். தங்கவேல் மோகனூர் பக்கம், என்னோடு ஒரே வண்டியில் ஒன்பது வருஷம் ஓடியவன். இப்போது சத்தீஸ்கரில் ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் ஈஸ்வரியைச் சேர்த்தான். திருச்செங்கோட்டில் ஒரு ரிக் ஆபீஸை நடத்துவதே அந்த அம்மணிதான். பன்னிரண்டு வருஷமாக "முந்நூறு அடி, கரும்பாறை" என்று எழுதுகிறேன், அது என்னவென்று ஒருநாள் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டு வந்து சேர்ந்தார். ஈஸ்வரி ஆத்தூரிலிருந்து ஆறுமுகம் சாரைப் பிடித்து வந்தார். சார் ஒரு கல்லூரியில் நிலவியல் நடத்துகிறவர். இருபது வருஷமாகப் பாறையைப் பற்றிப் பேசுகிறார், ரிக் வண்டி ஓடும்போது ஒருநாளும் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நான்கு பேருக்கும் ஒவ்வொரு பக்கம் ஓட்டை. நான்கையும் சேர்த்தால் ஒரு ஆள் தேறும்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. இங்கே காலை பதினொன்றரை, அங்கே ஏழு. வாரம் ஒருவர் ஒரு அத்தியாயத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேள்வி கேட்க வேண்டும், முடிவானதை இணையத்தில் பொதுவான ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதைப் பற்றி ஓர் அத்தியாயம் சேர்க்கலாமா என்று மட்டும் இரண்டு ஞாயிறு சண்டை போட்டோம். தேங்காய் சேர்ந்தால் நான் சேர மாட்டேன் என்று சார் சொல்லிவிட்டார். ஆனால் பாருங்கள், தேங்காய் வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது.

4

சிமெண்ட் அத்தியாயம் வந்தது. சார் ஒரு மணி நேரம் விளக்கினார். மேலே உள்ள அழுக்குத் தண்ணீர், கீழே உள்ள நல்ல தண்ணீர், நடுவில் வளையம் போன்ற வெற்றிடம். எனக்கு எல்லாம் புரிகிற மாதிரியே இருந்தது, எதுவும் புரியவில்லை. ஈஸ்வரிக்கும் அப்படியே.

தங்கவேல் அன்று வகுப்புக்கு வரவில்லை, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவே இரண்டு நிமிஷம் பேசிக் குரல் பதிவு அனுப்பினான்.

"மாப்ள, எளநில ஓட்ட பெருசாப் போட்டு ஸ்ட்ரா சொருகுனா என்னாவும்? ஸ்ட்ராவச் சுத்திச் சந்து இருக்குமல்ல. அது வழியா ஈ உள்ள போவும், தூசி போவும். ஸ்ட்ரா நல்ல ஸ்ட்ராதான், எளநியும் நல்ல எளநிதான். சந்துதான் கேடு. போன மாசம் இங்க மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல ஒண்ணு போட்டோம். குழாய் பாறைல கிண்ணுனு உக்காந்துச்சு. ரண்டு மழை பேஞ்சதுக்கப்பறம் தண்ணி நாத்தமடிக்குதுங்கறாங்க. அந்தச் சந்துலதான் எறங்கியிருக்குது. சிமெண்ட்டு அதை அடைக்கறதுக்குத்தான் போலிருக்குது."

அவ்வளவுதான். இரண்டு தேர்வு, ஒரு வருஷம், ஒரு இளநீர். அன்று சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். கலா வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆறுமுகம் சார் அந்தப் பதிவைக் கேட்டு, அழகாக எழுதி, பொதுப் பக்கத்தில் சேர்த்தார். குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

5

பாதிப் புத்தகம் முடிந்ததும், பெயர் போட வேண்டிய பக்கத்தை ஈஸ்வரி தயாரித்தார். பெயர் போடுவதென்றால் அவருக்குத் தெரிந்தது அழைப்புப் பத்திரிகைதான். அவர்கள் ஆபீஸில் ஒவ்வொரு புது ரிக் வண்டிக்கும் பூஜை போடுவார்கள், பத்திரிகை அடிப்பார்கள். ஆகவே மேலே பிள்ளையார் சுழி, நடுவில் "தலைமை", "முன்னிலை", இரண்டு பக்கமும் வாழைமரம். மொழிபெயர்ப்பு என்று மூன்று பெயர். ஆறுமுகம், ஈஸ்வரி, மாரிமுத்து. ஹெலன் அம்மையார் பெயர் கடைசி வரியில், அச்சகத்தின் பெயர் போடுகிற இடத்தில், பொடி எழுத்தில்.

எந்தப் பக்கத்தை யார் எழுதினார்கள் என்று கணினியே குறித்து வைத்திருக்கும், அதன்படி போடுவதுதான் முறை என்று சார் சொல்லியிருந்தார். கணினியின் குறிப்பில் தங்கவேல் இல்லை. அவன் ஒரு எழுத்தும் தட்டவில்லை, பேசினான், அவ்வளவுதான். இளநீர் விளக்கம் ஆறுமுகம் என்ற பெயரில் பதிவாகியிருந்தது.

ஈஸ்வரி எனக்குத்தான் முதலில் அனுப்பினார். நான் பார்த்தேன். வாழைமரம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

பக்கம் குழுவுக்கு வந்தது. தங்கவேல் "ரைட்" என்று ஒரு வார்த்தை போட்டான். பிறகு குழுவிலிருந்து வெளியேறினான். போன் அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. ஸ்டேட்டஸில் மட்டும் அர்த்தநாரீஸ்வரர் மலைப் படமும், கீழே "எல்லாம் நன்மைக்கே" என்ற வரியும்.

அந்த ஞாயிறு வகுப்பு நடக்கவில்லை. தான் விட்ட பிழை என்று ஈஸ்வரி குழுப் பக்கமே வரவில்லை. முன்பு ஒருமுறை பூஜைப் பத்திரிகையில் வேலை பிடித்துத் தரும் ஒரு ஏஜெண்ட் பெயர் விட்டுப்போய், ஒரு வருஷம் அவர் பக்கமிருந்து ஒரு போர்கூட வராமல் போனதைப் பார்த்தவர் அவர். சிமெண்ட் கணக்கு இன்னும் பாதியில் நின்றது. எனக்குத் தேர்வு மூன்று வாரத்தில்.

கலாவிடம் புலம்பினேன். ராசிபுரத்துக்காரிக்கு அரை நிமிஷம் போதுமானதாக இருந்தது.

"பத்திரிகைல பேர உட்டுட்டீங்களா?" என்றாள்.

மித்ராவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. திருத்து என்ற பொத்தானை அழுத்திப் பெயரைச் சேர்த்தால் முடிந்தது, இரண்டு நொடி வேலை, இதற்கு ஏன் வீடே துக்கம் காக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கலா அவளிடம், விட்டுப்போன பெயரைப் பேனாவால் எழுதிக் கொடுத்தால் அது இன்னொரு அவமானம், நேரில் போய் அழைக்க வேண்டும் என்றாள். மித்ரா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள். நாங்கள் இருவரும் வேறு கிரகம் என்று அவள் முடிவுகட்டி ரொம்ப நாளாகிறது.

6

நேரில் அழைப்பதென்றால் எப்படி? அழைக்க வேண்டியவர்களில் ஒருவன் டூவூம்பாவில். அழைக்கப்பட வேண்டியவன் சத்தீஸ்கரில். இருப்பது அவன் வீடு ஒன்றுதான், மோகனூர் பக்கம், கரும்புக் காட்டுக்கு நடுவில்.

ஊடு இருக்குதல்ல, அது போதும் என்றார் ஈஸ்வரி. ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் பஸ் ஏறினார். ஆறுமுகம் சார் ஆத்தூரிலிருந்து பைக்கிலேயே வந்துவிட்டார். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆப்பிள், தேங்காய், திருத்தி அச்சடித்த பக்கம். தங்கவேலின் மனைவி சரசு பாய் விரித்தார். தட்டை நடுவில் வைத்து, ஈஸ்வரி தன் போனில் என்னைக் கூப்பிட்டுத் தேங்காயில் சாய்த்து வைத்தார். சரசு தன் போனில் கணவனைக் கூப்பிட்டார். பெண்டாட்டி போனை எடுக்காமல் இருக்க எந்த டிரில்லருக்குத் துணிச்சல்? எடுத்தான். அந்தப் போனை எதிரே ஆப்பிளில் சாய்த்து வைத்தார்கள்.

ஆக, மோகனூரில் ஒரு தாம்பாளத்தில் நானும் தங்கவேலும் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவன் பின்னால் செம்மண்ணும் வண்டியும். என் பின்னால் துணி துவைக்கும் இயந்திரம்.

முதலில் ஆறுமுகம் சார்தான் பேசினார். "தப்பு எம்மேலதாங்க. நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன். எழுதினவன் பேரு மட்டும் நின்னுபோச்சு. இருபது வருஷமா நான் நடத்தற பாடத்துல அந்த எளநி இல்லைங்க."

தங்கவேல் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"சாரு மேல எனக்கு வருத்தமில்ல மாப்ள. அவருக்கு என்னையத் தெரியாது. நீ பாத்துப்போட்டு வாழமரம் நல்லாருக்குதுன்ன பாரு. உன்ற பதினஞ்சு வருசத்துக்குப் பேப்பர் இல்லைன்னு எங்கிட்டத்தான அழுத? எனக்கு மட்டும் பேப்பர் இருக்குதா?"

ஒரு வருஷமாக இந்த நாட்டை நான் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக என் மேலேயே வந்து விழுந்தது. கையால் செய்ததை மதிக்கத் தெரியாதவர்கள், காகிதம் இருந்தால்தான் மனுஷனா என்றெல்லாம் பேசியவன், என் சிநேகிதனின் பெயர் ஒரு காகிதத்தில் இல்லாததைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. தப்புதான் தங்கவேலு என்று சொன்னேன்.

காப்பி ஆறுகிறது, பேசி முடியுங்கள் என்று சரசு சொன்ன பிறகுதான் ஈஸ்வரி புதுப் பக்கத்தை அவன் போனுக்கு நேராகப் பிடித்தார். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் எதிரே இரண்டு கட்டம் போட்டிருந்தார். "சொன்னவர்", "எழுதியவர்". சிமெண்ட் அத்தியாயத்தில் சொன்னவர் தங்கவேல்.

அவன் நிதானமாகப் படித்தான். பிறகு கடைசி வரிக்கு வந்து நின்றான்.

"ஏனுங் அம்மணி, அந்தம்மா பேரு அடில எறும்பாட்டம் கெடக்குது? கேக்காமயே குடுத்தவிங்க. மொதல்ல அவிங்களப் போடுங்க."

"எந்த வரிசையில போடறதுங்ணா?" என்றார் ஈஸ்வரி.

"சீர் கொண்டாறது யாரு? தாய்மாமன் வரிசையில போடுங்க."

அவங்க லேடி என்று சார் மெல்ல இழுத்தார். வரிசைதான் சார் முக்கியம், ஆளு யாரா இருந்தா என்ன என்று தங்கவேல் முடித்துவிட்டான். ஈஸ்வரி அப்படியே எழுதினார். எழுத்தில் பார்க்கும்போது சரியாகவே இருந்தது. "தாய்மாமன்: ஹெலன் அம்மா, ஸ்காட்லாந்து."

மீதி இரண்டு ஞாயிறும் வகுப்பு நடந்தது. சிமெண்ட் கணக்கை ஈஸ்வரி போட வைத்தே விட்டார், வண்டி வாடகை போடுகிற அதே கறாரோடு. மூன்றாவது முறையாகப் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தேன். வாய்மொழித் தேர்வில் சிமெண்ட் ஏன் என்று கேட்டார்கள். இளநீரைச் சொன்னேன். கேட்ட பெண்மணி பேனாவை வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். நல்லதற்கா கெட்டதற்கா என்று அப்போது தெரியவில்லை.

7

இனி ஹெலன் அம்மாவுக்குப் பதில். மித்ராதான் எழுத வேண்டும், என் ஆங்கிலம் படிவத்துக்கே போதாது. தாய்மாமன் என்றால் என்ன, அங்கிள்தானே என்றாள். ராசிபுரத்தில் உன் காதுகுத்துக்கு நீ யார் மடியில் உட்கார்ந்தாய், யார் கையைக் கடித்தாய் என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. கடித்த தழும்பை அவள் மாமன் இன்னும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறான் என்று சொன்னதும் சிரித்தாள். சீர் என்றால் என்ன, மாமன் வராமல் விசேஷம் ஏன் தொடங்காது என்றெல்லாம் அவளாகவே கேட்டாள். ஹெட்போன் அன்று மேசையிலேயே கிடந்தது.

அவள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். "எங்கள் ஊரில் ஒருவர் முதலில் கொடுப்பார். அவர் உட்காராமல் நாங்கள் எதையும் தொடங்கக் கூடாது. அவருக்கு இருக்கும் பெயர் அது. நீங்கள் பெண் என்பது எங்களுக்குத் தெரியும்." இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். கலா மூன்றாவது முறை கேட்டாள்.

பதில் நேற்று வந்தது. விசேஷம் எப்போது, தான் என்ன கொண்டுவர வேண்டும் என்று அந்தம்மா கேட்டிருக்கிறார். கூடவே, இளநீர் விளக்கத்தை ஆங்கிலத்தில் மாற்றித் தன் மூலப் புத்தகத்திலேயே சேர்த்துவிட்டாராம். அடியில் "சொன்னவர்: தங்கவேல், டிரில்லர், மோகனூர்" என்று போட்டிருக்கிறார். "சொன்னவர்" என்று ஒரு கட்டம் வேண்டும் என்பது தனக்கு இத்தனை வருஷம் தோன்றவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

இன்று காலை தபாலில் என் லைசென்ஸ் அட்டை வந்தது. டேரில் வண்டிச் சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தங்கவேலுக்கு போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். விஷயத்தைச் சொன்னேன். அவன் வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை.

"பேரு சரியாப் போட்டிருக்கறாங்களா பாரு மாப்ள," என்றான்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். குழந்தைவேல் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே சின்னதாக மாரிமுத்து. எங்கப்பன் பேர்தான் பெரிதாக இருக்கிறது என்று சொன்னேன்.

"இருக்கட்டும் உடு. எத்தன கெணறு வெட்டுனாரு. எதுலயாச்சும் ஒண்ணுல வரட்டும்."